காய்ச்சல் போன பிறகு வந்த பில்: கருப்புப் பூஞ்சையும் ₹8.4 லட்சமும்



இந்த வாரம் வேற ஒரு தலைப்புதான் எழுதி வச்சிருந்தேன். ஆனா போன வாரம் நம்ம தென்காசி ஆபீசுக்கு வந்த ஒரு தம்பி அதை மாத்திட்டாரு. பெங்களூர்ல வேலை. அம்மாவுக்கு சில வருஷம் முன்னாடி சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கு. மழைக்காலத்துல ஃப்ளூ காய்ச்சல், ஆஸ்பத்திரியில அட்மிஷன். காய்ச்சல் குறைஞ்சு, "நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்"னு நினைச்சப்போ மறுபடி மூச்சுத்திணறல். நுரையீரல்ல பூஞ்சைத் தொற்றுன்னு சொல்லியிருக்காங்க.

அவர் என்கிட்ட கேட்ட கேள்வி ஒண்ணுதான். "அண்ணே, கம்பெனி இன்சூரன்ஸ் 5 லட்சம் இருக்கு. போதுமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி அலமாரியில இருந்து ஒரு பழைய பைலை எடுத்தேன். மேல "சித்தப்பா, 2021"னு எழுதியிருக்கும். கிளையண்ட் பைல் இல்ல, எங்க வீட்டு பைல். அந்தத் தம்பிக்கு அன்னைக்கு அதைப் பிரிச்சுக் காட்டினேன். இன்னைக்கு உங்களுக்கும் காட்டுறேன்.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடுறேன். நான் ஆடிட்டர், டாக்டர் இல்ல. மருத்துவம் பத்தி இங்க வர்றது, பில்லைப் புரிஞ்சுக்கத் தேவையான அளவுக்குத்தான்.

2021 மே: எங்க வீட்ல நடந்தது

சித்தப்பாவுக்கு அப்போ 52 வயசு. செங்கோட்டை ரோட்டுல பிரானூர்ல ஒரு மர அறுவை மில்லுல கணக்கு எழுதுறவர். எட்டு வருஷமா சுகர். மாத்திரை போடுவாரு, ஆனா டெஸ்ட் எடுக்க மாட்டாரு. நம்ம ஊர்ல இது ரொம்ப சகஜம்.

கொரோனா ரெண்டாவது அலை. ஊரடங்கு. குற்றால சீசன் நேரத்துலயும் அருவிப் பக்கம் யாரையும் விடாத வருஷம். சித்தப்பாவுக்கு பாசிட்டிவ் வந்துச்சு. மூச்சுத்திணறல் இல்ல, ஆக்சிஜன் அளவும் சரியா இருந்துச்சு. வீட்லயே இருந்தாரு. அந்த நேரத்துல யாரோ ஒருத்தருக்கு எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்ல சுத்திட்டு இருந்தது. அதுல ஸ்டீராய்டு மாத்திரையும் இருந்துச்சு. அதைக் காட்டி வாங்கிப் போட்டாரு. காய்ச்சல் சட்டுனு விட்டுச்சு. "நல்ல மாத்திரை டே"ன்னு சொல்லி இன்னொரு அட்டையும் வாங்கினாரு.

பத்து நாள் கழிச்சு இடது பக்கப் பல்லு வலி. கன்னம் மரத்துப்போன மாதிரி இருக்குன்னாரு. பல்லு வலிதானேன்னு கிராம்பு வச்சாங்க, வலி மாத்திரை போட்டாங்க. நாலு நாள் போச்சு. அஞ்சாம் நாள் காலையில இடது கண்ணு வீங்கி, இமை தொங்கிப்போச்சு. சித்தி போன்ல என்கிட்ட சொன்னது இன்னும் காதுல இருக்கு: "எய்யா, ஒரு கண்ணால பாத்தா ரெண்டா தெரியுதுங்காவ."

திருநெல்வேலி போய், அங்கிருந்து மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன், மூக்குக்குள்ள கேமரா விட்டு எடுத்த சதைத் துணுக்கு, ரெண்டும் சொன்னது ஒண்ணுதான்: மியூகார்மைகோசிஸ். எல்லாரும் சொல்ற கருப்புப் பூஞ்சை.

சித்தப்பா பிழைச்சிட்டாரு. இடது கண் போயிடுச்சு.

இது ஏன் வருது? ரெண்டு நிமிஷத்துல

இந்தப் பூஞ்சையோட வித்துகள் மண்ணுல, மக்குற இலையில, ஈரமான இடத்துல எல்லாம் இருக்கு. நாம தினமும் சுவாசிக்கிறோம். உடம்புல எதிர்ப்பு சக்தி இருக்கிறவரைக்கும் ஒண்ணும் ஆகாது. ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு ஒட்டுற நோயும் இல்ல. சாரல்ல நனைஞ்சா வர்ற நோயும் இல்ல.

எதிர்ப்பு சக்தி விழும்போதுதான் இது உள்ள நுழையுது. சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்க, உறுப்பு மாற்று சிகிச்சை செஞ்சவங்க, கீமோதெரபி எடுக்கிறவங்க, மூட்டுவலிக்கோ தோல் நோய்க்கோ நீண்ட நாளா ஸ்டீராய்டு எடுக்கிறவங்க எல்லாம் அந்தப் பட்டியல்ல வர்றாங்க. இவங்களுக்கு மேல ஒரு வைரஸ் காய்ச்சலும் வந்தா, கதவு இன்னும் கொஞ்சம் திறந்துக்குது.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்ல. ஆக்சிஜன் தேவைப்பட்ட கொரோனா நோயாளிகள்ல இறப்பை அது குறைக்குதுன்னு 2020-ல இங்கிலாந்துல நடந்த ரெக்கவரி ஆய்வு காட்டுச்சு. அதே ஆய்வுல, ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு எந்தப் பலனும் தெரியல. எங்க சித்தப்பா ரெண்டாவது வகை. பலன் இல்லாத மருந்து, ஆனா சுகரை ஏத்துச்சு, எதிர்ப்பு சக்தியை இறக்குச்சு.

பூஞ்சை ரத்தக்குழாய்க்குள்ள புகுந்து அடைச்சுடும். ரத்தம் போகாத சதை செத்துக் கறுத்துப்போகும். "கருப்பு"ங்கிற பேர் அதனாலதான். மூக்குல தொடங்கி, கண், மூளைன்னு மேல ஏறும். நாள் கணக்குல ஏறும். அதனால ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விலை உண்டு.

2021 ஜூன் 28 அன்னைக்கு மத்திய சுகாதார அமைச்சர் கொடுத்த கணக்கு இது: நாடு முழுக்க 40,845 பேர், இறப்பு 3,129. பாதிக்கப்பட்டவங்கள்ல 64% பேருக்கு சுகர் இருந்துச்சு, 53% பேர் ஸ்டீராய்டு எடுத்திருந்தாங்க. இதைப் படிக்கிற உங்களுக்கு முக்கியமான எண் இன்னொண்ணு: 18 முதல் 45 வயசு வரை இருந்தவங்க 32%. "வயசானவங்க நோய்"னு ஒதுக்க முடியாது.

கொரோனாவோட முடிஞ்ச கதையும் இல்ல. 2018-ல நெதர்லாந்து, பெல்ஜியம் ஆஸ்பத்திரிகள்ல நடந்த ஆய்வுல, கடுமையான ஃப்ளூவோட ஐசியூவுக்கு வந்த 432 பேர்ல 19% பேருக்கு ஆஸ்பெர்ஜில்லஸ்ங்கிற வேறொரு பூஞ்சை நுரையீரலைத் தாக்கியிருந்துச்சு. எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களை மட்டும் பார்த்தா 32%. அந்தத் தம்பியோட அம்மாவுக்கு வந்ததும் இந்த வகைதான்.

பில்லை ஆடிட் பண்ணுவோம்

இனி என் வேலை. எங்க சித்தப்பாவோட பில், ரவுண்டா:

பூஞ்சை மருந்து: ₹4,80,000
ஆபரேஷன், தியேட்டர், டாக்டர் கட்டணம்: ₹1,30,000
ரூம், ஐசியூ: ₹1,10,000
ஸ்கேன், ரத்தப் பரிசோதனை: ₹70,000
கையுறை, பாதுகாப்பு உடை மாதிரி செலவுப் பொருட்கள்: ₹50,000
மொத்தம்: ₹8,40,000

முதல் வரியைப் பாருங்க. சாதாரணமா ஒரு ஆஸ்பத்திரி பில்லுன்னா ஆபரேஷனும் ரூமும்தான் பெருசா இருக்கும்னு நினைப்போம். இங்க பாதிக்கு மேல மருந்து.

அது ஏன்னு கணக்குப் போடுவோம். லைப்போசோமல் ஆம்போடெரிசின் பி. ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம், சில நேரம் அதுக்கும் மேல. சித்தப்பா எடை 60 கிலோ. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம். ஒரு குப்பியில 50 மில்லிகிராம்தான் இருக்கும். அப்போ தினம் 6 குப்பி. எங்களுக்கு ஒரு குப்பி சராசரியா ₹5,000-க்குக் கிடைச்சுது. தினம் ₹30,000. 16 நாள். ₹4,80,000.

டிஸ்சார்ஜ் ஆனாலும் முடியாது. அடுத்து போசகோனசோல் மாதிரி மாத்திரை, வாரக்கணக்குல. நடுவுல சிறுநீரகம் பாதிக்குதான்னு ரத்தப் பரிசோதனை, ஏன்னா இந்த மருந்தே சிறுநீரகத்தைச் சோதிக்கும்.

அந்த நேரத்துல மருந்துக்கே தட்டுப்பாடு. மத்திய அரசு மாநிலங்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்துச்சு. 2021 மே 20-ல தமிழ்நாடு அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயா ஆக்கிச்சு. ஜூன் 12-ல ஜிஎஸ்டி கவுன்சில், ஆம்போடெரிசின் பி மேல இருந்த 5% வரியைப் பூஜ்யமாக்கிச்சு. ₹4.8 லட்சம் மருந்தை வெளிக்கடையில வாங்கியிருந்தா அந்த 5% மட்டுமே ₹24,000. ஒரு மாச சம்பளம் சில பேருக்கு.

இன்சூரன்ஸ் எவ்வளவு கொடுத்துச்சு?

சித்தப்பா மகன், என் தம்பி, சென்னையில ஐடி வேலை. வயசு 26. கம்பெனி குரூப் பாலிசியில அப்பா அம்மாவைச் சேர்த்திருந்தான். அவனை அதுக்காகப் பாராட்டணும். கவர் ₹3 லட்சம். பெற்றோருக்கு 20% கோ-பே. அதாவது ஏத்துக்கிற தொகையில 20% நம்ம கையில இருந்து.

₹3,00,000-ல 20% போக, வந்தது ₹2,40,000.
நாங்க கட்ட வேண்டியது ₹6,00,000.

அந்த ஆறு லட்சம் எப்படி வந்துச்சு:

தம்பியோட பிஎஃப் முன்பணம் ₹60,000
சித்தி நகை அடகு ₹2,00,000
பெர்சனல் லோன் ₹1,00,000
சொந்தக்காரங்க கொடுத்தது ₹2,40,000. இதுல என் பங்கு ₹75,000.

பிஎஃப் பத்தி ஒரு தகவல். 2020 மார்ச்சில கொண்டுவந்த கோவிட் முன்பணத்தை ரெண்டாவது முறையும் எடுக்கலாம்னு 2021 மே 31-ல தொழிலாளர் அமைச்சகம் அறிவிச்சப்போ, அந்த அறிவிப்புலயே கருப்புப் பூஞ்சை பேர் இருந்துச்சு. மூணு மாச அடிப்படைச் சம்பளம் + டிஏ, இல்லேன்னா இருப்புல 75%, எது குறைவோ அது. தம்பியோட அடிப்படைச் சம்பளம் ₹20,000. அதனாலதான் ₹60,000. அந்தக் கோவிட் முன்பணம் 2024 ஜூனில நிறுத்தப்பட்டுச்சு. ஆனா நோய்க்காக பிஎஃப்-ல முன்பணம் எடுக்கிற வழக்கமான வசதி இன்னும் இருக்கு.

வரிச் சலுகை எவ்வளவு கிடைச்சுது?

ஒரு ஆடிட்டரா எனக்கு ரொம்ப வலிச்ச பகுதி இது. பதில்: பூஜ்யம். ஏன்னு பாருங்க.

80டி: மருத்துவச் செலவையே கழிவாக் காட்டலாம், ஆனா பெற்றோருக்கு 60 வயசு ஆகியிருக்கணும், இன்சூரன்ஸ் இருக்கக் கூடாது. சித்தப்பாவுக்கு 52.

80டிடிபி: குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டும். புற்றுநோய், நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு எல்லாம் பட்டியல்ல இருக்கு. பூஞ்சைத் தொற்று இல்ல.

80டிடி: உங்களைச் சார்ந்திருக்கிறவருக்கு ஊனம் இருந்தா. ஆனா குறைஞ்சது 40% இருக்கணும். ஒரு கண் முழுசாப் போய், இன்னொரு கண் நல்லா இருந்தா அரசு மதிப்பீட்டுல 30%தான். பத்து சதவீதத்துல போச்சு.

இதெல்லாம் பழைய வரி முறைக்கு. புது வரி முறையில இருக்கிறவங்களுக்கு இந்தக் கழிவுகளே கிடையாது. அதனால "வரிக்காக இன்சூரன்ஸ்"ங்கிற எண்ணத்தை விட்டுடுங்க. இன்சூரன்ஸ் பில்லுக்காக.

இன்னொரு கண்ணி, நிறைய பேருக்குத் தெரியாது. சொந்தக்காரங்க கொடுக்கிற பணத்துக்கு வரி இல்லன்னு எல்லாரும் நம்புறோம். வருமான வரிச் சட்டத்துல "உறவினர்"ங்கிறதுக்கு ஒரு பட்டியல் இருக்கு. அப்பா அம்மாவோட உடன்பிறந்தவங்க அதுல உண்டு. அதனால சித்தப்பா எனக்குக் கொடுத்தா வரி இல்ல. ஆனா நான் சித்தப்பாவுக்குக் கொடுத்தா? அண்ணன் மகன் அந்தப் பட்டியல்லயே இல்ல! சித்தப்பா மகனுக்குக் கொடுத்தாலும் அதே கதைதான். பட்டியல்ல இல்லாதவங்க கிட்ட இருந்து ஒரு வருஷத்துல மொத்தம் ₹50,000-க்கு மேல வந்தா, வாங்கினவருக்கு முழுத் தொகையும் வருமானம்.

எங்களைக் காப்பாத்தினது ஒரு விலக்கு. கோவிட் சிகிச்சைக்காக வாங்கின பணத்துக்கு வரி இல்லன்னு 2021 ஜூன் 25-ல அறிவிச்சு, 2022 நிதிச் சட்டத்துல சேர்த்தாங்க. கோவிட் சார்ந்த நோயா இருக்கணும், பாசிட்டிவ்னு உறுதியான நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள வந்திருக்கணும், ஆவணங்கள் இருக்கணும். சித்தப்பாவோட அந்தப் பாசிட்டிவ் ரிப்போர்ட் இந்த பைல்ல முதல் பக்கமா இருக்கிறதுக்குக் காரணம் அதுதான்.

இன்னைக்கு ஃப்ளூவுக்கு அப்புறம் வர்ற பூஞ்சைக்கு அந்த விலக்கு கிடையாது. நண்பர்கள் குரூப்ல பணம் சேர்த்து உங்க அக்கவுண்டுக்கு அனுப்பினா இதை நினைவுல வச்சுக்கோங்க.

உங்க பாலிசியில பார்க்க வேண்டிய 6 இடம்

1. தொகை போதுமா? மேல போட்ட கணக்கை உங்க அப்பா அம்மா எடைக்குப் போட்டுப் பாருங்க. மருந்து மட்டுமே தினம் எவ்வளவு வரும்னு தெரியும். ₹3 லட்சம், ₹5 லட்சம் கவர் இந்த மாதிரி நீளமான சிகிச்சைக்கு நடுவழியிலேயே நின்னுடும். பிரீமியம் அதிகமா இருக்குன்னா சூப்பர் டாப்-அப் பாருங்க. வெறும் டாப்-அப் இல்ல. டாப்-அப் ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருஷத்தோட மொத்த பில்லையும் கூட்டிப் பார்க்கும். காய்ச்சலுக்கு ஒரு தடவை, பூஞ்சைக்கு ரெண்டு தடவைன்னு அட்மிஷன் ஆகுற வீட்டுக்கு இந்த வித்தியாசம் லட்சக்கணக்கு.

2. ரீஸ்டோர் வசதி. கவர் தீர்ந்தா மறுபடி நிரம்பும்னு விளம்பரத்துல சொல்வாங்க. சில பாலிசியில அது "தொடர்பில்லாத வேறு நோய்க்கு மட்டும்". காய்ச்சலைத் தொடர்ந்து வந்த பூஞ்சையைத் தொடர்புள்ள நோய்னு சொல்லிட்டா, அந்த வசதி உங்களுக்கு இல்ல. கடைசி ஆலோசனையில இருந்து 45 நாளுக்குள்ள அதே நோய் திரும்பினா, அது ஒரே நோயாத்தான் கணக்கு. இந்த ரெண்டு வரியையும் உங்க பாலிசியில தேடிப் படிங்க.

3. ரூம் வாடகை வரம்பு. வரம்பு ₹5,000, நீங்க எடுத்த ரூம் ₹7,500 அப்படின்னா, பில்லுல மூணுல ரெண்டு பங்குதான் தருவோம்னு வெட்டுவாங்க. ஆனா எதை வெட்டலாம்ங்கிறதுக்கு ஐஆர்டிஏஐ விதி இருக்கு. மருந்து, செலவுப் பொருள், ஸ்கேன், பரிசோதனை, ஐசியூ கட்டணம் இதையெல்லாம் அந்த விகிதத்துல வெட்டக் கூடாது. நம்ம பில்லை ₹10 லட்சம் கவர்ல போட்டுப் பாருங்க. மொத்தத்தையும் வெட்டினா நஷ்டம் ₹2,80,000. விதிப்படி ஆபரேஷன் ₹1,30,000-லயும், ஐசியூ போக மீதி ரூம் வாடகை ₹60,000-லயும் மட்டும் வெட்டினா நஷ்டம் சுமார் ₹63,000. செட்டில்மென்ட் தாள் வந்தா மொத்தத்தை மட்டும் பார்க்காதீங்க. வரி வரியாப் பாருங்க.

4. டிஸ்சார்ஜுக்குப் பிறகான செலவு. 60 நாளா, 90 நாளா? வீட்ல போடுற பூஞ்சை மாத்திரையும், தொடர் ஸ்கேனும் இதுல வரும். டாக்டர் சீட்டு, பில் ரெண்டும் சேர்ந்து இருந்தாத்தான் பணம்.

5. செலவுப் பொருட்கள். கையுறை மாதிரி 68 பொருள் அடங்கின ஒரு பட்டியல் இருக்கு, வழக்கமா பாலிசி அதுக்குத் தராது. இதுக்குன்னு கூடுதல் கவர் சின்ன பிரீமியத்துல கிடைக்கும்.

6. சுகரை மறைக்காதீங்க. "சொன்னா பிரீமியம் ஏறும்"னு ஏஜெண்ட் சொன்னாலும் எழுதுங்க. ஏற்கனவே இருக்கிற நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல்ல இருந்து அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4. தொடர்ந்து 5 வருஷம் பிரீமியம் கட்டிட்டா, மோசடியை நிரூபிச்சாத் தவிர, "நீங்க சொல்லல"ன்னு க்ளெய்மை மறுக்க முடியாது. ஆனா அந்த 5 வருஷத்துக்குள்ள பூஞ்சை வந்தா முதல் கேள்வியே சுகர் பத்தித்தான் வரும்.

கம்பெனி பாலிசியில பொதுவா இந்தக் காத்திருப்பு இருக்காது. அது பெரிய வரம். ஆனா வேலையை விட்ட அன்னைக்கு அதுவும் போயிடும். அதனால வேலையில இருக்கும்போதே பெற்றோருக்குத் தனி பாலிசி ஒண்ணு தொடங்கி, அந்த 3 வருஷக் கடிகாரத்தை ஓட விடுங்க. 2025 செப்டம்பர் 22-ல இருந்து தனிநபர் ஹெல்த் இன்சூரன்ஸ் பிரீமியத்துக்கு இருந்த 18% ஜிஎஸ்டியும் இல்ல.

இன்னும் ஒண்ணு. உங்க பெற்றோர் தனிக் குடும்ப அட்டையில இருந்து, அவங்க குடும்ப ஆண்டு வருமானம் ₹1,20,000-க்குள்ள இருந்தா, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல சேர முடியுமான்னு கலெக்டர் ஆபீஸ்ல கேளுங்க. மகன் ஐடியில இருக்கான்னு வெட்கப்பட்டு விட்டுடாதீங்க, தகுதி இருந்தா அது உரிமை. பொய் வருமானச் சான்று மட்டும் வேண்டாம்.

க்ளெய்மை மறுத்தாலோ வெட்டினாலோ, முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்துல புகார். ஒரு மாசத்துல பதில் இல்ல, இல்லேன்னா திருப்தி இல்லன்னா, இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். ₹50 லட்சம் வரை. கட்டணம் இல்ல, வக்கீலும் தேவையில்ல. ஒரு வருஷத்துக்குள்ள போகணும்.

எல்லாத்தையும் விட மலிவான இன்சூரன்ஸ்

இவ்வளவு எழுதின பிறகு ஒரு ஆடிட்டர் சொல்லக் கூடாத ஒண்ணைச் சொல்றேன். எங்க வீட்டு ₹8.4 லட்சத்தை எந்தப் பாலிசியும் தடுத்திருக்காது. பாலிசி இருந்திருந்தா பில் கட்டப்பட்டிருக்கும். கண் போயிருக்கும்.

தடுத்திருக்கக் கூடியது மூணுதான். ஒண்ணு, வீட்ல ஒரு சுகர் பார்க்கிற மெஷின். காய்ச்சல் நாள்ல தினமும் பார்த்திருந்தா ஏறுனது தெரிஞ்சிருக்கும். ரெண்டு, அடுத்தவர் சீட்டுக்கு மருந்து வாங்காம இருந்திருக்கலாம். ஏற்கனவே டாக்டர் எழுதி ஸ்டீராய்டு எடுக்கிறவங்க மட்டும் தானா நிறுத்தவும் கூடாது, அது வேற ஆபத்து. மூணு, அந்த நாலு நாள்.

காய்ச்சலுக்குப் பிறகு முகத்துல ஒரு பக்கம் மட்டும் வலியோ, மரப்போ, வீக்கமோ. மூக்கடைப்போட கறுப்பா ரத்தம் கலந்த சளி. காரணமில்லாத பல்லு வலி, பல்லு ஆட்டம். இமை தொங்குறது, ரெண்டாத் தெரியுறது. உங்க வீட்ல சுகரோ, மாற்று உறுப்போ, கீமோவோ இருக்கிறவங்களுக்கு இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போங்க. குறைஞ்ச மாதிரி இருந்த காய்ச்சலும் மூச்சுத்திணறலும் திரும்பினாலும் அப்படித்தான். "நாளைக்குப் பார்ப்போம்"ங்கிற வார்த்தைக்குத்தான் எங்க பைல்ல விலை எழுதியிருக்கு.

அந்தத் தம்பி என்ன ஆனாரு? அவர் கம்பெனி பாலிசியை வரி வரியாப் படிச்சோம். ₹5 லட்சம் கவர். எச்ஆர்கிட்ட பேசினதுல, கம்பெனி பொதுவுல ஒதுக்கி வச்சிருக்கிற கூடுதல் தொகையில இருந்து விண்ணப்பிச்சுக் கேட்கலாம்னு தெரிஞ்சுது. இந்த மாதிரி ஒரு பொதுத் தொகை நிறைய கம்பெனிகள்ல உண்டு, கேட்டாத்தான் சொல்வாங்க. அம்மா இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க. நேத்து காலையில ஆக்சிஜன் மாஸ்க் இல்லாம உக்காந்து கஞ்சி குடிச்ச போட்டோ அனுப்பியிருந்தாரு.

சித்தப்பா இப்பவும் பிரானூர் மில்லுலதான் கணக்கு எழுதுறாரு. தினம் காலையில சுகர் பார்த்து, மில்லுக்கு எழுதுற அதே மாதிரி நீள நோட்டுல தேதி போட்டு எழுதி வைக்கிறாரு. மாசக் கடைசியில என் ஆபீசுக்கு வரும்போது கொண்டுவந்து மேசையில வைப்பாரு. "ஆடிட் பண்ணு டே"ம்பாரு. நானும் ஒவ்வொரு வரியாப் பார்த்து, அடியில பச்சை மையில டிக் போட்டுக் கொடுப்பேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை பண்ணுங்க. அப்பா அம்மாவுக்குப் போன் போடுங்க. சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டு, கடைசியா சுகர் டெஸ்ட் எப்போ எடுத்தீங்கன்னு கேளுங்க. அப்புறம் உங்க பாலிசி பிடிஎஃப்-ஐத் திறந்து, மேல சொன்ன ஆறு இடத்தையும் பாருங்க. செட்டில்மென்ட் தாளை எப்படிப் படிக்கிறதுன்னு இந்தப் பில்லை வச்சே நம்ம சேனல்ல ஒரு வீடியோவாப் போடுறேன்.